மால்டாவில் ஒரு கல்லுக்கோயில்

— நீ உள்ளுக்குப் போ, நீலவேணி. நான் இதிலை இருந்து சப்பாத்துக்குக் காவல் இருக்கிறன். இப்பத்தைச் சனத்துக்கு என்னுடையது, உன்னுடையது எண்டது இல்லை. போன வெள்ளிக்கிழமை ஆரோ ஒருத்தன் என்ரை சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போட்டான். கோயில் வாசலிலை. கும்பிட்ட கை காய முந்திக் களவு.

— அவர் மாறிக் கொழுவியிருப்பார், அத்தான். எல்லாம் கறுப்புத்தானே.

— மாறிக் கொழுவினவன் தன்ரையை விட்டிட்டெல்லோ போயிருக்க வேணும்? ஒண்டும் கிடக்கேல்லை. வெறுங்காலோடை வந்தவனோ அவன்? போட்டு வா, நீ.

— நான் உள்ளுக்குப் போட்டு வந்திட்டன்.

— அதுக்கிடையிலையோ? அருச்சினை வரிசை கதவு மட்டும் நிக்குதே. துண்டு எடுத்தனியோ?

— இல்லை.

— இண்டைக்குச் சதயமெல்லோ. தம்பி யுவன்ரை நட்சத்திரம். மறந்து போனியோ?

— மறக்கேல்லை, அத்தான்.

— மாசம் தவறாமல் நாங்கள் ரெண்டு பேரும் வந்து அவன்ரை பேரைச் சொல்லுறது. ஸ்னோ கொட்டி லண்டனிலை பஸ் ஓடாத நாளிலையும் மோர்டனிலை இருந்து நடந்து வந்தனாங்கள். நாங்கள் வாயைத் திறக்க முந்தியே கவுண்டரிலை இருக்கிற பெட்டை எழுதிப்போடுவாள், யுவனேஸ்வரன், சதயம் எண்டு.

— இண்டைக்கும் எழுதத்தான் வெளிக்கிட்டவள். வேண்டாம் பிள்ளை எண்டு சொன்னனான்.

— ஏன்?

— அருச்சினை உயிரோடை இருக்கிற ஆக்களுக்குத்தானே செய்யிறது.

— உதென்ன கதை கதைக்கிறாய்?

— நான் ஐயரோடை கதைச்சிட்டு வாறன். உடம்பு கிடைக்காத ஆக்களுக்கும் செய்யலாமாம். தர்ப்பையாலை உருவம் மாதிரிக் கட்டி, அதுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து, பிறகு முப்பத்தொண்டாம் நாள் செய்யிற அந்தியேட்டியும். எல்லாம் ஒரே நாளிலை முடிக்கலாமெண்டு சொன்னவர்.

— உனக்கு விசரோ? உயிரோடை இருக்கிறவனுக்கு அந்தியேட்டியோ?

— அத்தான், மெதுவாக் கதையுங்கோ. சனம் பாக்குது.

— பாக்கட்டும். எல்லாம் அந்தக் கண்டறியாத மால்டாவாலை வந்தது. அங்கை போய் வந்த நாளிலை இருந்து நீ ஒரு மாதிரித்தான் இருக்கிறாய். நான் அப்பவே சொன்னனான், எனக்கென்னத்துக்கு உந்த ஹொலிடே எண்டு. உன்ரை மகள் விட்டாளோ? அஞ்சாயிரம் வருசத்துக் கோயிலைக் காட்டுறன் பெரியப்பா எண்டு ஆசை காட்டினாள். கோயிலெண்டால் ஒரு விளக்காவது இருக்கும் எண்டு போனால், மேலை வெள்ளைக் கூடாரம், கீழை சரிஞ்ச கல்லு. அதைப் பாக்க உலகம் முழுக்கப் பிளேன் ஏறி வருகுது. வீட்டிலை அப்பன் ஆத்தையைப் பாக்க நேரமில்லாத சனம்.

— துஷ்யா வாறாள். அவளுக்கு முன்னாலை அவளின்ரை ட்ரிப்பைத் திட்டாதேங்கோ.

— திட்டுறதுக்கு எனக்கென்ன பயம்? வா பிள்ளை. காரை எங்கை விட்டனி?

— யெல்லோ லைன்ல, பெரியப்பா. ஹஸார்ட் லைட் போட்டிருக்கிறன். ஃபைவ் மினிட்ஸ். அம்மா, ஐயரோட கதைச்சிட்டீங்களா?

— கதைச்சிட்டன்.

— பெரியப்பா என்ன சொல்றார்?

— உன்ரை மால்டாவைப் பற்றிச் சொல்லுறார்.

— ஓ, ஷூ ஸ்டோரியா? பெரியப்பா, நீங்கள் அங்கை ஃபேமஸ். என்ரை ஒஃபிஸ்ல எல்லாருக்கும் சொன்னனான்.

— கோயிலெண்டு போர்ட் போட்டிருக்கு. கோயிலெண்டால் கழட்டத்தானே வேணும்.

— நீங்கள் கழட்டினது ஓகே. உங்களைப் பாத்திட்டு அந்த ஜெர்மன் ஃபமிலியும் கழட்டினதுதான் பிரச்சினை. அது அங்கத்தை ரூல் எண்டு நினைச்சிட்டினம். பிறகு பின்னாலை வந்த ஆக்களும். கார்ட் ஓடி வாறார், வாசல்ல இருபது சோடி ஷூ. எல்லாரும் சொக்ஸோட கல்லுக்குமேலை நிக்கினம்.

— அவன் என்னைத்தானே பிடிச்சு ஏசினவன். கல்லுக் குத்துமாம். குத்தினால் என்ரை கால், உனக்கென்ன?

— அதோட விட்டனீங்களா? எங்களை இந்தப் பக்கம் போகச் சொல்லி அம்புக்குறி போட்டிருக்கு. நீங்கள் எதிர்ப்பக்கமாச் சுத்தினீங்கள். டூர் குரூப் முழுக்க உங்களுக்கு வழி விட்டுக்கொண்டு நிண்டது.

— கோயிலை வலமாத்தான் சுத்திறது. அம்பு போட்டவனுக்குத் தெரியாதெண்டால் நான் என்ன செய்ய?

— நான் உங்களை ஏசேல்லை. எனக்கு அது நல்லாத்தான் இருந்தது. ஆனால் மற்றது... பெரியப்பா, அது எனக்குக் கொஞ்சம் ஹார்டா இருந்தது.

— எது?

— அப்பான்ரை போட்டோ. ரோட்டில சாப்பாடு டெலிவரி செய்யிற பெடியங்கள் எல்லாரையும் மறிச்சு மறிச்சுக் காட்டினீங்களே. அந்தக் கேரளாப் பெடியன் ஓடர் லேட்டாகுது எண்டு அழாத குறை.

— காட்டினால் என்ன குறைஞ்சு போகும்? ஊரெல்லாம் சைக்கிளிலை திரியிறவங்கள். ஆரை எங்கை கண்டாங்களெண்டு அவங்களுக்குத்தான் தெரியும்.

— அது தேர்ட்டி இயர்ஸ் பழைய போட்டோ.

— அதுக்குத்தானே மயிரை விரலாலை மறைச்சுக் காட்டினனான். இப்ப அவனுக்கு மொட்டை விழுந்திருக்கும். எங்கடை அப்புவுக்கு நாப்பதிலையே விழுந்தது. ஒரு நேப்பாளப் பெடியன் கன நேரம் பாத்துக்கொண்டு நிண்டவன்.

— அவன் உங்களைத்தான் பாத்தவன், பெரியப்பா. போட்டோவை இல்லை. ...ஓகே. நான் காரை மூவ் பண்ணப் போறன். டிக்கெட் அடிச்சிடுவாங்கள். ஒண்டு சொல்றன், கோவிக்காதீங்கோ. எனக்கு அப்பாவைத் தெரியாது. நான் மிஸ் பண்றதுக்கு எனக்கு ஒரு மெமரியும் இல்லை. ஆனால் அம்மா ஒவ்வொரு தரமும் டோர் பெல் அடிக்கேக்கை நிக்கிற நிலை எனக்குச் சின்னனிலை இருந்து தெரியும். அவவுக்கு அது காணும், இனஃப். தட்ஸ் ஓல்.

— உவள் உன்ரை வயித்திலை இருக்கேக்கை வெளிக்கிட்டவன். இப்ப அவளுக்கே தலையிலை ஒரு நரை தெரியுது, பாத்தனியோ.

— பாத்தனான்.

— நீதான் சொல்லிக் குடுத்து அனுப்பினனியோ அவளை?

— இல்லை. அவளுக்குச் சொல்லிக் குடுக்க என்ன இருக்கு? பெல் அடிச்சால் இப்பவும் செய்யிற வேலையை விட்டிட்டு எழும்பி ஓடுவன். பார்சல்காரனாத்தான் இருக்கும். தெரிஞ்சுகொண்டுதான் போய்த் திறக்கிறன். திறக்க முந்தி கண்ணாடியிலை பாக்கிறன், அத்தான். அவர் போகேக்கை எனக்கு இருபத்தாறு வயசு. இந்த முகத்தைக் கண்டால் வீடு மாறி வந்திட்டனோ எண்டு நினைப்பாரோ எண்டு பயமா இருக்கும்.

— அவன் உன்னை எங்கை கண்டாலும் பிடிப்பான்.

— அதைத்தான் நீங்கள் எப்பவும் சொல்லுறனீங்கள்.

— உண்மையைத்தானே சொல்லுறன். மால்டாவிலை உனக்கு என்ன நடந்தது? அதைச் சொல்லு முதல்லை.

— அந்தக் கீழ்க்கோயில் ஞாபகமோ? கடலுக்குப் பக்கத்திலை, சரிவிலை இறங்கிப் போறது.

— முழங்கால் நொந்ததுதான் ஞாபகம்.

— நீங்கள் வெளியிலை வாங்கிலை இருந்திட்டீங்கள். நாங்கள் உள்ளுக்குப் போனம். ஒரு முழுக் கல்லை நடுவிலை குடைஞ்சு வாசல் வைச்சிருக்கினம். குனிஞ்சுதான் போக வேணும். உள்ளுக்குத் தரையிலை ஒரு துளை. கை நுழையிற அளவு. ஓரமெல்லாம் தேய்ஞ்சு வழுவழுவெண்டு இருந்தது, அம்மி மாதிரி. என்னத்துக்கெண்டு துஷ்யாவைக் கேக்கச் சொன்னன். அந்தக் கைட் பிள்ளை சொன்னாள், அதுக்குள்ளை ஏதோ ஊத்தியிருக்கினமாம். பாலோ, தண்ணியோ, ரத்தமோ தெரியாதாம். ஆருக்கு ஊத்தினதெண்டும் தெரியாதாம். ஆனால் கன காலம் ஊத்தியிருக்கினம், கல்லே தேய்ஞ்சிருக்கெண்டால்.

— சரி, ஊத்தட்டும். அதுக்கு நீ என்ன செய்ய?

— எல்லாரும் வெளியிலை போகும் மட்டும் நிண்டனான். பிறகு போத்திலிலை இருந்த தண்ணியை நானும் ஊத்தினன்.

— என்ன?

— அவரின்ரை பேரைச் சொல்லி.

— எப்பிடி ஊத்தினனி? போத்திலோடை சரிச்சனியோ?

— இல்லை. கையிலை விட்டு, பெருவிரல் பக்கத்தாலை.

— அது ஆர் உனக்குக் காட்டினது?

— என்ரை அப்புவின்ரை அந்தியேட்டியிலை என்ரை அண்ணை செய்யேக்கை பாத்தனான். பொம்பிளையள் செய்யிறேல்லை எண்டும் தெரியும். அங்கை ஐயரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. வாசலுக்காலை கடல் மட்டும் தெரிஞ்சுது. அவர் கிடக்கிற கடல்.

— கிடக்கிற எண்டு சொல்லாதை.

— அண்டைக்கு நான் நித்திரை கொண்டன், அத்தான். விடிய துஷ்யா தட்டித்தான் எழும்பினனான். எழும்பி ஒரு நிமிசம் எங்கை இருக்கிறனெண்டே தெரியேல்லை. அப்பிடி ஒரு நித்திரை.

— அது வெயிலிலை அலைஞ்ச களை.

— களையெண்டால் எனக்குத் தெரியும். இவ்வளவு காலமும் ரெண்டு ஷிப்ட் செய்துபோட்டு வந்தும் முழிச்சுக்கொண்டு கிடந்தவள் நான்.

— நான் ஒண்டு கேக்கிறன், சொல்லு. அந்தக் கைட் பெட்டை கடைசியிலை என்ன சொன்னவள்? நான் துஷ்யாவைத் திருப்பித் திருப்பிக் கேட்டு விளங்கினனான். அந்தக் கோயிலைக் கட்டின ஆக்கள் எல்லாரும் ஒரு காலத்திலை இல்லாமல் போட்டினமாம். சண்டையெண்டும் தெரியாது, நோயெண்டும் தெரியாது. எங்கை போனவையெண்டு தெரியாது எண்டு சொன்னாளோ இல்லையோ?

— சொன்னாள்.

— செத்துப் போட்டினம் எண்டு சொன்னவளோ?

— அத்தான், அது அஞ்சாயிரம் வருசம்.

— அதுதான் சொல்லுறன். அஞ்சாயிரம் வருசமாயும் படிச்சவளுக்கு வாய் வரேல்லை. தெரியாது எண்டுதான் சொன்னாள். மால்டாவிலை நான் கேட்டதிலை அது ஒண்டுதான் ஒழுங்கான கதை. இவன் போய் முப்பது வருசம் ஆகேல்லை, அதுக்குள்ளை நீ முடிச்சுப்போட்டாய்.

— அந்த ஆக்களுக்காண்டிக் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு ஒருத்தரும் இருக்கேல்லை. அதாலை அந்தப் பிள்ளைக்குத் தெரியாதெண்டு சொல்ல ஏலும். சொல்லிப்போட்டுச் சாப்பிடப் போகவும் ஏலும். என்னாலை ஏலாது.

— எனக்கு மட்டும் ஏலுமோ? என்னட்டை வாறதுக்கெண்டுதானே வள்ளம் ஏறினவன்.

— தெரியும். அதுதான் உங்களைக் கேக்க வந்தனான்.

— என்ன கேக்க?

— நீங்கள்தான் செய்ய வேணும். எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. அந்தக் குடும்பத்திலை ஒரு ஆம்பிளை வேணுமாம். ஐயர் பேர் கேட்டவர்.

— என்ரை பேரைக் குடுத்திட்டியோ?

— குடுக்கேல்லை. கேட்டிட்டு வாறனெண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.

— நீலவேணி, நான் மூத்தவன். அவன் இளையவன். மூத்தவன் இளையவனுக்குச் செய்யிறதோ? நான் கலியாணமும் கட்டேல்லை, எனக்குப் பிள்ளையும் இல்லை. நாளைக்கு நான் விழுந்தால் எனக்கு அவன்தான் கொள்ளி வைக்க வேணும். சின்னனிலையே அப்பு எங்கள் ரெண்டு பேருக்கும் முன்னாலை சொன்னவர், பாலேந்திராவை நீ பார் எண்டு. அவனைப் பாத்துத்தான் சொன்னவர், என்னைப் பாத்தில்லை. எனக்குப் படிப்பும் வராது, நாக்கும் சரியில்லை, நான் தனிச்சுப் போவன் எண்டு அந்த மனுசனுக்குத் தெரியும். நான் அவனுக்குச் செய்திட்டனெண்டால் பிறகு எனக்கு ஆர்?

— துஷ்யா இருக்கிறாள்.

— அவள் நல்ல பிள்ளை. நான் அதைக் கேக்கேல்லை.

— விளங்குது, அத்தான்.

— விளங்கினால் விடு. அந்தக் கீர்த்தனன் தன்ரை வாயாலை எனக்குச் சொன்னவன். அதே பயணத்திலை வந்த பெடியன், தண்ணிக்குள்ளை கிடந்து எழும்பி வந்தவன். பிளேஸ்டோவிலை அவன்ரை அறைக்கு நான் தேடிப் போனனான். மால்டாவுக்குக் கிட்டச் சின்ன வள்ளத்துக்கு மாத்தேக்கை சனம் கூடிப் போச்செண்டு நாலைஞ்சு பேரைத் திரும்பப் பெரிய கப்பலிலை ஏத்தினவங்கள், அதிலை யுவன் அண்ணையும் ஏறினதைக் கண்டனான் எண்டு சொன்னவன். வள்ளம்தான் தண்ணிக்குள்ளை தாண்டது. கப்பல் தாழேல்லை.

— நீங்கள் ஒருத்தரையும் நம்பாத ஆள். கவுன்சில்காரன் வந்தால் கதவு திறக்க மாட்டியள். டொக்டர் தாற குளிசையை இன்னொரு மருந்துக் கடையிலை காட்டிக் கேட்டுப்போட்டுத்தான் போடுவியள். கும்பிட வந்த இடத்திலை சப்பாத்துக்குக் காவல் இருக்கிறியள். அந்த ஒரு பெடியனை மட்டும் ஏன் நம்பினனீங்கள்?

— அவன் கண்டவன்.

— அவன் காணேல்லை.

— என்ன சொல்லுறாய்?

— என்னோடை வேலை செய்த றோஸ்மலரின்ரை மகளின்ரை கலியாண வீட்டிலை கீர்த்தனனைச் சந்திச்சனான். சாப்பாட்டு மேசையிலை எனக்குப் பக்கத்திலை வந்து இருந்தவன். பிறகு சொன்னவன், அக்கா, கப்பலுக்கு ஒருத்தரையும் திருப்பி ஏத்தேல்லை. எல்லாரும் வள்ளத்திலைதான் இருந்தனாங்கள். அண்ணை எனக்குப் பக்கத்திலைதான் இருந்தவர். அண்டைக்குப் பெரியவர் கதவடியிலை வந்து நிண்ட நிலையைப் பாக்க எனக்கு வேறை சொல்ல வாய் வரேல்லை எண்டு.

— எப்ப நடந்தது இது?

— துஷ்யா யூனியிலை இருக்கேக்கை.

— அவள் படிச்சு முடிச்சு, வேலை எடுத்து, ரெண்டு வேலையும் மாறிப்போட்டாள்.

— ஓம்.

— அவ்வளவு காலமும் வாய் திறக்கேல்லை நீ.

— இல்லை.

— தெரிஞ்சுகொண்டு மாசம் மாசம் என்னோடை வரிசையிலை வந்து நிண்டனியோ? சதயத்துக்குச் சதயம்?

— நிண்டன்.

— என்னத்துக்கு?

— புதுசா ஒரு பெட்டை கவுண்டருக்கு வந்தால் கேப்பாள், ஐயா இது ஆருக்கெண்டு. நீங்கள் தம்பிக்கு எண்டு சொல்லுவியள். அந்த ஒரு சொல்லைச் சொல்லேக்கை உங்கடை முகம் நான் முதல் முதல் ஹீத்ரோவிலை கண்ட முகமா மாறிப் போகும், அத்தான். கைக்குழந்தையோடை வந்து இறங்கின எனக்கு முன்னாலை நீங்கள் ஒரு மூட்டை ஆம்பிளைக் கோட்டோடை வந்து நிண்டனீங்கள், யுவனும் வந்தால் குளிருமெண்டு. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை.

— இப்ப வந்திட்டுது.

— இப்ப எனக்கு ஏலாமல் போச்சு. அவ்வளவுதான். அந்தக் கல்லிலை தண்ணி விட்ட உடனை தெரிஞ்சுது, இனி என்னாலை அருச்சினைத் துண்டு எடுக்க ஏலாதெண்டு.

— அங்காலை தள்ளி இரு. அந்தப் பிள்ளையள் சப்பாத்து எடுக்க வேணுமாம். ...நான் ஒண்டு கேக்கிறன். கீர்த்தனன் பொய் சொல்லக்கூடியவன். அது இப்ப நிச்சயம்தானே?

— அவன் பாவம், அத்தான். இரக்கத்திலை சொன்னது.

— இரக்கமோ, என்னவோ. ஒருக்காப் பொய் சொன்னவன். எந்த முறை சொன்னது பொய்யெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? எனக்குச் சொன்னதோ, உனக்குச் சொன்னதோ? நீ அவனிட்டைப் போய் அழாமல், கேக்காமல், சாப்பிட்டுக்கொண்டு இருந்தனி. புருசனை மறந்துபோட்டுப் பிள்ளையைப் பாக்கட்டும் எண்டு உனக்கும் இரக்கத்திலை ஒரு கதை சொல்லியிருப்பான்.

— அத்தான்.

— நான் கேட்டது கேள்வியோ இல்லையோ?

— கேள்விதான்.

— அவன் உனக்குச் சொன்னதுக்கு வேறை சாட்சி இருக்கோ?

— இல்லை.

— அப்ப சரி. அந்தச் சப்பாத்தை இஞ்சாலை தள்ளு. எனக்குக் குனிய ஏலாது.

— எங்கை போறியள்? வெளியிலை தூறுது. துஷ்யா காரைக் கொண்டந்திடுவாள்.

— பஸ்ஸிலை போறன். எனக்கு இப்ப ஒருத்தரோடையும் இருக்க வேண்டாம்.

— நான் உங்களை நோகடிச்சுப்போட்டன்.

— எனக்கென்ன நோ. விடு கையை.

— ஐயர் உள்ளுக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறார். நான் என்ன சொல்ல? வேண்டாமெண்டு சொல்லட்டோ?

— என்ரை பேரைக் குடு.

— அத்தான்?

— பாலேந்திரா. தம்பிக்குத் தமையன் எண்டு சொல்லு. எண்டைக்கு வரச் சொல்லுறாரோ அண்டைக்கு வாறன். அவர் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லுறன், ஊத்தச் சொன்ன இடத்திலை ஊத்திறன். ஆனால் நம்பிச் செய்யேல்லை எண்டதையும் சேத்துச் சொல்லு. ஐயருக்கு ஒளிச்சு எனக்கு ஒண்டும் வேண்டாம்.

— சொல்லுறன்.

— அழாதை. சனம் பாக்குதெண்டு நீதான் சொன்னனி.

— கவனமாப் போங்கோ. பாதை வழுக்கும்.

— நீலவேணி.

— ஓம், அத்தான்.

— அவன் வந்து நிண்டானெண்டால், எள்ளுத்தண்ணி இறைச்சது அண்ணைதானெண்டு மட்டும் சொல்லிப்போடாதை.